மாடி ஆன்டெனாவுக்குக் கோஆக்ஸ் கேபிள்: வாங்குமுன் ஒரு கணக்கு

கடையில் போய் "ஆன்டெனா கேபிள்" என்று கேட்டால் பெரும்பாலும் டிடிஎச் கேபிளை எடுத்துப் போடுவார்கள். கொஞ்சம் விவரம் சொன்னால் ஆர்ஜி-58 என்ற மெல்லிய கேபிள் வரும். இரண்டுமே கோஆக்ஸ் வகை: நடுக்கம்பி, அதைச் சுற்றி இன்சுலேஷன், அதன்மேல் ஷீல்ட் எனும் உலோகப் பின்னல், வெளியே உறை. இரண்டுமே உதவாதவை அல்ல. எந்த அதிர்வெண், எத்தனை மீட்டர் என்பதுதான் கேள்வி. இங்கே எடுத்துக்கொள்வது ஒரு ஹாம் (அமெச்சூர் ரேடியோ) நிலையம்: வீட்டுக்குள் 25 வாட் ரிக் (சிக்னலை அனுப்பி வாங்கும் கருவி), மொட்டைமாடியில் ஆன்டெனா, நடுவில் 25 மீட்டர் கேபிள். பேசுவது 145, 435 மெகாஹெர்ட்ஸில்.

கேபிளுக்குள் ஏற்றும் சக்தியில் ஒரு பங்கு சூடாகி வீணாகும். அதை டெசிபெலில் சொல்வார்கள். 3 டெசிபெல் போனால் பாதி சக்தி போயிற்று. 10 போனால் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். 145 மெகாஹெர்ட்ஸில் 100 மீட்டருக்கு ஆர்ஜி-58 ஏறக்குறைய 20 டெசிபெல் தின்னும். நம் 25 மீட்டருக்கு அது 5 டெசிபெல், அதாவது 25 வாட்டில் ஆன்டெனாவுக்குப் போய்ச் சேர்வது 8 வாட். 435இல் இதே கேபிள் 9.5 டெசிபெல் தின்றுவிடும். மேலே போவது 3 வாட்டுக்கும் குறைவு. தடித்த ரகமான ஆர்ஜி-213 போட்டால் 145இல் 15 வாட், 435இல் 10 வாட் போகும். இன்னொரு தடித்த ரகமான எல்எம்ஆர்-400 போட்டால் முறையே 19, 15 வாட். பின்னவை இரண்டுமே சுமார் 10 மி.மீ. தடிமன்தான். ஆனால் எல்எம்ஆர்-400இன் இன்சுலேஷன் நுரை பாலிஎதிலீன், ஷீல்டில் பின்னலுக்கு அடியில் ஃபாயிலும் உண்டு. தடிமனை மட்டும் பார்த்து வாங்கினால் இந்த வித்தியாசம் தெரியாது.

அட்டவணை பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை: அமெரிக்கக் கம்பெனிகள் இழப்பை 100 அடிக்குக் கொடுப்பதுண்டு. அதை 3.28ஆல் பெருக்கினால்தான் 100 மீட்டர் கணக்கு வரும். உங்கள் அதிர்வெண் அட்டவணையில் இல்லையென்றால், அதிர்வெண் நான்கு மடங்கானால் இழப்பு இரண்டு மடங்கு, சற்றுக் கூடவே என்று வைத்துக்கொள்ளலாம். அதனால்தான் 7 மெகாஹெர்ட்ஸில் பேசுகிறவருக்கு அதே 25 மீட்டர் ஆர்ஜி-58 தாராளமாகப் போதும். இழப்பு 1 டெசிபெல் அளவுதான். அவர் தடித்த கேபிளுக்குச் செலவழிப்பது வீண்.

அடுத்தது இம்பீடன்ஸ், அதாவது ஓடும் அலைக்குக் கேபிள் காட்டும் எதிர்ப்பு. ரிக், கேபிள், ஆன்டெனா மூன்றிலும் இது பொருந்தாவிட்டால் சக்தியில் கொஞ்சம் திரும்பி வரும். 50 ஓம், 75 ஓம் என்பதை மல்டிமீட்டர் வைத்து அளக்க முடியாது. நடுக்கம்பியின் விட்டத்துக்கும் ஷீல்டின் உள்விட்டத்துக்கும் உள்ள விகிதம், இடையில் இருக்கும் இன்சுலேஷன், இவைதான் அதைத் தீர்மானிக்கின்றன. கேபிளை எத்தனை மீட்டராக வெட்டினாலும் அது மாறாது. சிக்னல் வாங்க மட்டும்தான் என்றால் 75 ஓம் டிடிஎச் கேபிளை, அதாவது ஆர்ஜி-6ஐ, 50 ஓம் ரிசீவரில் தயங்காமல் போடலாம். பொருந்தாமையால் போவது 0.2 டெசிபெல்கூட இருக்காது. 1090 மெகாஹெர்ட்ஸில் விமானச் சிக்னல் பிடிப்பவர்களுக்கு ஆர்ஜி-58ஐவிட ஆர்ஜி-6 எவ்வளவோ மேல், விலையும் குறைவு. அனுப்புவதற்கு மட்டும் 50 ஓமிலேயே இருப்பது நல்லது. மலிவான ஆர்ஜி-6இன் பின்னல் அலுமினியம் என்பதால் அதில் ஈயம் ஒட்டாது என்பதும் ஒரு காரணம்.

வாங்கும்போது உறையில் அச்சடித்த பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஒரு சாண் வெட்டி வாங்கி உரித்துப் பாருங்கள். பின்னலின் இடைவெளியில் வெள்ளை இன்சுலேஷன் நன்றாகத் தெரிந்தால் அது மட்ட ரகம். நடுக்கம்பியில் காந்தம் ஒட்டினால் செம்பு பூசிய இரும்பு. உயர் அதிர்வெண்ணில் மின்னோட்டம் மேல்தோலிலேயே ஓடுவதால் டிடிஎச்சுக்கு அது குறையில்லை. சிற்றலையின் கீழ்ப் பகுதியில் செம்புப் பூச்சின் தடிமன் போதாமல் இழப்பு கூடும். காந்தம் ஒட்டாமல், சுரண்டினால் வெள்ளையாகத் தெரிந்தால் உள்ளே அலுமினியம். எல்எம்ஆர்-400இலும் அப்படித்தான், அது போலி என்று பயப்பட வேண்டாம்.

நுரை இன்சுலேஷன் கேபிளைக் கைப்பிடிச் சுவர் விளிம்பில் மடக்கி இழுத்துக் கட்டினால், வெயில் சூட்டில் நடுக்கம்பி மெல்ல நகர்ந்து ஷீல்டை நெருங்கும். வளைவை அகலமாக விடுங்கள். ரொட்டேட்டரில் சுழலும் ஆன்டெனாவுக்கு நடுவில் ஒற்றைக் கட்டைக் கம்பி உள்ள கேபிள் ஆகாது. அந்த ஓரிரு மீட்டருக்குப் பல இழை நடுக்கம்பி உள்ளதைப் போடுங்கள்.

கனெக்டரில்தான் பாதிப் பேர் கோட்டை விடுவது. 145 வரை பிஎல்-259 என்ற திருகு கனெக்டர் பரவாயில்லை, 435க்கு 'என்' (N) டைப் கனெக்டர் போடுங்கள். ஆர்ஜி-213இல் பிஎல்-259 பொருத்த, முதலில் திருகு வளையத்தைக் கேபிளில் கோத்துவிடுங்கள். ஈயம் வைத்த பிறகுதான் இது நினைவுக்கு வரும். மேலுறையை 28 மி.மீ. உரியுங்கள். நடுக்கம்பி 16 மி.மீ. வெளியே தெரிய வேண்டும், அதையடுத்து 1.5 மி.மீ. இன்சுலேஷன், மீதி பின்னல். பின்னலில் லேசாக ஈயம் பூசி, கனெக்டரைத் திருகி உள்ளே ஏற்றி, பக்கத் துளைகள் வழியே ஈயம் விடுங்கள். நிக்கல் பூச்சுக் கனெக்டர் என்றால் துளையைச் சுற்றி அரத்தால் தேய்த்துவிட்டால்தான் பிடிக்கும். 25 வாட் சால்டரிங் அயன் இதற்கு ஆகாது. உலோக உடல் சூடேறுவதற்குள் உள்ளே இன்சுலேஷன் உருகி நடுக்கம்பி சாய்ந்துவிடும். தடித்த முனையுள்ள 80 அல்லது 100 வாட் அயனை வைத்துச் சட்டென்று முடித்து எடுங்கள். ஆறியதும் நடுக்கம்பிக்கும் உடலுக்கும் ஷார்ட் இல்லையென்று மல்டிமீட்டரில் பாருங்கள். நுரைக் கேபிளுக்கு, பின்னலை நசுக்கிப் பிடிக்கும் கிரிம்ப் கனெக்டரே பத்திரம்.

மழைநீர் உள்ளே போனால் பின்னல் அதைத் திரிபோல உறிஞ்சி மீட்டர் கணக்கில் இழுத்துக்கொண்டு போகும், செம்பு கறுத்துவிடும். வெறும் பிவிசி டேப் ஒரு கோடையைத் தாண்டாது. தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை நன்றாக இழுத்து, பாதிக்குப் பாதி ஏறும்படி, கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். வெயில் தாங்க அதன்மேல் பிவிசி டேப். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில், சுவர்த் துளைக்குக் கீழே தொங்கும்படி ஒரு வளைவு விட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

பழைய கேபிளைச் சோதிக்க ரிக் பக்கத்து எஸ்டபிள்யூஆரை (அனுப்பிய சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு, 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) நம்ப வேண்டாம். இழப்பு அதிகமான கேபிள், திரும்பி வரும் சக்தியையும் தின்றுவிடும். முன் சொன்ன 25 மீட்டர் ஆர்ஜி-58இன் மறுமுனை, ஆன்டெனாவே இல்லாமல் திறந்து கிடந்தாலும் 435இல் மீட்டர் 1.25 என்று அழகாகக் காட்டும்! நானோவிஎன்ஏ என்ற சிறு அளவைக் கருவியைக் காலிபரேட் செய்து ஒரு முனையில் மாட்டுங்கள், மறுமுனையைத் திறந்தோ ஷார்ட் செய்தோ விடுங்கள். அது காட்டும் ரிட்டர்ன் லாஸில் (போய்த் திரும்பிய சிக்னல் எத்தனை டெசிபெல் குறைந்தது என்பதில்) பாதிதான் கேபிளின் ஒருவழி இழப்பு. 14 டெசிபெல் காட்டினால் இழப்பு 7. அட்டவணைப்படி 5 இருக்க வேண்டிய இடத்தில் 7 வந்தால், முதலில் மேல்முனைக் கனெக்டரை வெட்டிப் பின்னலின் நிறத்தைப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் பளபளக்கும் செம்பு வரும்வரை அரை மீட்டர் அரை மீட்டராக வெட்டிக்கொண்டே வாருங்கள். மூன்று மீட்டருக்கு மேலும் கறுப்பாகவே இருந்தால், அந்தக் கேபிளைக் கழற்றிவிட்டுப் புதிது வாங்குங்கள்.