தூங்கிக் கிடந்த வால்வு ஆம்ப்பை எழுப்புவது எப்படி: ஃபெண்டர் சாம்ப் செய்முறை

கண்ணாடிக் குழாய் வால்வுகளில் ஓடும் பழைய கிட்டார் ஆம்ப் கைக்கு வந்ததும் பிளக்கைச் செருகி, சத்தம் வருகிறதா என்று பார்க்கத்தான் யாருக்கும் தோன்றும். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் எலக்ட்ரோலிடிக் கண்டன்சர் பல வருடம் கரண்ட் காணாமல் கிடந்தால், அதற்குள் ஆக்ஸைடு படலம் மெலிந்து போயிருக்கும். திடீரென்று முழு வோல்டேஜ் ஏறினால் அது ஷார்ட் ஆகலாம். ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் வால்வும் பவர் டிரான்ஸ்ஃபார்மரும் அதோடு சேர்ந்து போகலாம். புது கண்டன்சர் கடையில் கிடைக்கும். 1960களின் அசல் டிரான்ஸ்ஃபார்மர் அவ்வளவு சுலபத்தில் கிடைக்காது.

ஃபெண்டர் சாம்ப்பை எடுத்துக்கொண்டு விளக்குகிறேன், 1964இல் வந்த கறுப்பு முகப்பு மாடலை. மூன்றே வால்வுகள்: கிட்டார் சிக்னலை முதலில் பெருக்க ஒரு 12ஏஎக்ஸ்7, பவருக்கு ஒரு 6வி6, ரெக்டிஃபையராக 5ஒய்3. கூடவே 8 அங்குல ஸ்பீக்கர், ஐந்தாறு வாட். வால்வு ஆம்ப் பழகுபவர்களுக்கு இதைவிட எளிமையான ஒன்று எனக்குத் தெரியவில்லை.

படி 1: பார்ப்பது

பின்பலகையைக் கழற்றுங்கள். கருகிய வாடை, எலி கடித்த வயர், உப்பிய அல்லது கசிந்த கண்டன்சர், ஃபியூஸுக்குப் பதிலாகச் சுற்றிய அலுமினியத் தாள் எல்லாவற்றையும் தேடுங்கள். மாற்றும் முன் நாலா பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள்.

வயதையும் இங்கேயே கண்டுபிடிக்கலாம். பொட்டென்ஷியோமீட்டரின் முதுகில் 137-6623 என்று இருந்தால், 137 சிடிஎஸ் நிறுவனம்; மற்றது 1966ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஸ்பீக்கரில் உள்ள எண் 220 என்று தொடங்கினால் ஜென்சன் நிறுவனம், 465 என்றால் ஆக்ஸ்ஃபோர்டு; அடுத்து வருவது தேதி. இந்தத் தேதிகள் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருந்தால் பாகங்கள் அசல் என்று ஓரளவு நம்பலாம்.

படி 2: டிஸ்சார்ஜ்

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கண்டன்சர்களில் (பவர் சப்ளையின் எலக்ட்ரோலிடிக்குகள்) 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். அது ஆளைக் கொல்லும். 22 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரின் ஒரு முனையைக் கிளிப் வயரால் சேஸிஸில் (ஆம்ப்பின் உலோகச் சட்டத்தில்) மாட்டுங்கள். மறுமுனையை இன்சுலேஷன் உள்ள கிளிப்பால் கண்டன்சரின் பாசிட்டிவில் பத்து விநாடி வையுங்கள். ஒரு கை எப்போதும் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். அப்புறம் மீட்டர் வைத்து ஒவ்வொரு கண்டன்சரும் பூஜ்யத்துக்கு வந்ததா என்று பாருங்கள். உள்ளே கை வைக்கும் ஒவ்வொரு தடவையும் இதைச் செய்ய வேண்டும். இது பயமாக இருந்தால் இங்கேயே நிறுத்தி, வால்வு ரேடியோ பார்த்துப் பழகிய மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள். அதில் குறைவு ஒன்றுமில்லை.

படி 3: மாற்ற வேண்டியவை

இரண்டு முள் பிளக் இருந்தால் மூன்று முள் ஒயராக மாற்றுங்கள். எர்த்தை சேஸிஸில் உறுதியாகத் திருகுங்கள். ஃபேஸ் முதலில் ஃபியூஸுக்கும், அதன் பிறகு சுவிட்சுக்கும் போகட்டும். மெயின்ஸிலிருந்து சேஸிஸுக்குப் போகும் பழைய கண்டன்சர் தென்பட்டால் கழற்றிவிடுங்கள். அது ஷார்ட் ஆனால் கிட்டார் கம்பி வரைக்கும் கரண்ட் வரும்.

அடுத்து எலக்ட்ரோலிடிக்குகள் அத்தனையும். வோல்டேஜ் அளவு பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். மைக்ரோஃபாரடை மட்டும் இஷ்டத்துக்குக் கூட்டாதீர்கள், 5ஒய்3 தாங்காது. பாசிட்டிவ், நெகட்டிவ் மாறக்கூடாது.

மற்றதைத் தொடாதீர்கள். பழுதாகாத ரெசிஸ்டரையும் கண்டன்சரையும் புதுசு போட வேண்டும் என்பதற்காகப் பிடுங்குவது ஆம்ப்பைக் கெடுப்பதுதான்.

படி 4: சீரிஸ் லாம்ப்

அமெரிக்காவில் விற்ற சாம்ப் 117 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் எரிந்துவிடும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம், எர்த்தும் அதன் வழியே வர வேண்டும். அந்த டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்னால், 230 வோல்ட் பக்கத்தில், 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போடுங்கள். எல்இடி உதவாது.

முதலில் வால்வுகள் இல்லாமல் ஆன் செய்யுங்கள். பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் சரி. பிரகாசமாகவே நின்றால் உள்ளே ஷார்ட், உடனே ஆஃப் செய்யுங்கள். மங்கினால், ஆஃப் செய்து ஸ்பீக்கரை மாட்டி வால்வுகளைச் செருகுங்கள். ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போகலாம். வால்வுகள் சூடான பிறகு பல்பு லேசாக எரிவது இயல்பு. முழு வெளிச்சம் வராத வரை பயமில்லை. பல்பை மட்டும் எடுத்துவிட்டு, ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகவே ஓட்டலாம்.

படி 5: 6வி6ஐ அளப்பது

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான், ஏனென்றால் ஆம்ப்பின் உடல்நிலை இங்கே தெரிந்துவிடும். ஆம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுக்கும் அளவுகள் இவை. சாக்கெட்டை அடியிலிருந்து பார்க்கும்போது பின்களைக் கடிகாரச் சுற்றில் எண்ணுங்கள். மீட்டரின் கறுப்பு முனை சேஸிஸில் இருக்கட்டும்.

8ஆம் பின் கேத்தோடு, வால்வுக்குள் எலக்ட்ரான் கிளம்பும் இடம். அங்கே 470 ஓம் ரெசிஸ்டர் இருக்கும். 19 வோல்ட் காட்டினால், 19ஐ 470ஆல் வகுக்க சுமார் 40 மில்லி ஆம்பியர். எலக்ட்ரான் போய்ச் சேரும் பிளேட்டான 3ஆம் பின்னில் 305 வோல்ட் இருந்தால் வித்தியாசம் 286. அதை 40 மில்லி ஆம்பியரால் பெருக்கினால் ஏறக்குறைய 11.5 வாட், இரண்டுக்கும் நடுவில் உள்ள ஸ்கிரீனின் பங்கும் அதற்குள் அடக்கம். பழைய டேட்டாஷீட் 6வி6 ஜிடிக்குத் தரும் வரம்பு 12 வாட். ஆக, வால்வு பிழைக்கும்.

5ஆம் பின் கிரிட், சிக்னல் நுழையும் இடம். அங்கே டிசி பூஜ்யமாக இருக்க வேண்டும். பாசிட்டிவாக ஏதாவது காட்டினால் 12ஏஎக்ஸ்7இலிருந்து சிக்னலைக் கொண்டுவரும் 0.02 மைக்ரோஃபாரட் கப்ளிங் கண்டன்சர் கசிகிறது, இல்லையென்றால் வால்வுக்குள் வாயு புகுந்திருக்கிறது. ஆஃப் செய்து, 6வி6ஐ எடுத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். வோல்டேஜ் அப்படியே நின்றால் கண்டன்சர் குற்றவாளி, மறைந்தால் வால்வு. இதைக் கவனிக்காமல் விட்டால் பிளேட் சிவக்கச் சிவக்கப் பழுத்து, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்கும் ஆபத்து வரும்.

மிச்ச வேலை

வால்யூமைத் திருப்பும்போது கரகரவென்றால் பொட்டென்ஷியோமீட்டருக்குள் கான்டாக்ட் கிளீனர் அடித்து, பல தடவை முன்னும் பின்னும் திருகுங்கள். ஜாக்கையும் துடையுங்கள். 12ஏஎக்ஸ்7ஐப் பென்சிலால் லேசாகத் தட்டினால் ஸ்பீக்கரில் மணி அடிப்பதுபோல் கேட்டால் வேறொன்று போடுங்கள். ஸ்பீக்கர் கோனில் சின்னக் கிழிசல் என்றால் மெல்லிய டிஷ்யூ காகிதமும் துளி பசையும் போதும். கழற்றிய பாகங்களையும், அளந்த வோல்டேஜ்களை எழுதிய சீட்டையும் ஒரு கவரில் போட்டு ஆம்ப்போடு பத்திரப்படுத்துங்கள். அடுத்து அதைத் திறப்பவர் எங்கிருந்து தொடங்குவது என்று தேட வேண்டியிருக்காது.