புதுச்சேரிச் சுவர்களிலிருந்து ஓர் அரூப ஓவியம்

புதுச்சேரியின் பிரெஞ்சுக் குடியிருப்புத் தெருக்களில் காணும் கடுகு மஞ்சள் சுவர், வெள்ளைக் கரை, வளைந்த வாயில் ஆகியவற்றைக் கட்டடங்களாகக் கருதாமல் செவ்வகம், பட்டை, அரைவட்டம் என்று மட்டுமே பார்த்து, சிறு கட்டங்களுக்குள் பல அமைப்புகளாகப் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். அவற்றுள் ஒரு வடிவம் தெளிவாகப் பெரிதாக இருக்கும் அமைப்பையே தேர்ந்தெடுங்கள்; எல்லாம் ஒரே அளவில் அமைந்தால் படம் தரை ஓடு போலாகிவிடும்.

வண்ணத்தைத் தொடுமுன் கறுப்பு, சாம்பல், வெள்ளை ஆகியவற்றால் ஒருமுறை தீட்டிப் பார்ப்பது நல்லது, ஏனெனில் பல படங்கள் சோபிக்காமல் போவது நிறத்தேர்வால் அன்று, வெளிர்மைக்கும் அடர்த்திக்கும் இடையிலான வேறுபாடு போதாமையால்தான். மஞ்சள் இயல்பிலேயே வெளிர்ந்த நிறம்; அடர்நீலத்தின் அருகே முன்னே வந்து நிற்கும் அதே மஞ்சள், வெள்ளையின் மேல் மங்கிவிடும். ஜெர்மனியின் பௌஹௌஸ் கலை, வடிவமைப்புப் பள்ளியில் 1922 முதல் கற்பித்த ரஷ்ய அரூப ஓவியர் காண்டின்ஸ்கி, மஞ்சளை முக்கோணத்தோடும் சிவப்பைச் சதுரத்தோடும் நீலத்தை வட்டத்தோடும் இணைத்தார். அதை விதியாகக் கொள்ள வேண்டியதில்லை என்பது என் கருத்து. மஞ்சள் வட்டத்தையும் நீல முக்கோணத்தையும் தீட்டி, உங்கள் கண்ணாலேயே சோதித்துப் பாருங்கள்.

கூர்மையான விளிம்பு வேண்டுமெனில் மாஸ்கிங் டேப்பை (எளிதில் உரித்தெடுக்கக்கூடிய காகித ஒட்டுநாடாவை) ஒட்டி, அதன் ஓரத்தில் முதலில் அடிநிறத்தையே மெல்லப் பூசி, கடற்காற்றின் ஈரத்தைக் கருதிச் சற்றுக் கூடுதல் நேரம் உலரவிட்ட பிறகு, புதிய அக்ரிலிக் நிறத்தைத் தீட்டுங்கள்; கசிவு பெரும்பாலும் நின்றுவிடும்.