சிங்கப்பூரிலிருந்து வார இறுதிக் கப்பல் பயணம்: ஏறும் முன் கவனிக்க வேண்டியவை

முதலில் விசா. இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் சிங்கப்பூர் விசா பலமுறை நுழைவுக்கானதா என்று பாருங்கள். கப்பல் கிளம்பினாலே நாட்டைவிட்டு வெளியேறியதாகத்தான் கணக்கு. திரும்பும்போது மறுபடி குடிநுழைவு உண்டு. பாஸ்போர்ட்டில் 6 மாதமாவது மீதி இருக்கட்டும்.

மரினா பே முனையத்தில் ஒப்படைக்கும் பெரிய பெட்டி அறைக்கு வந்து சேரச் சாயங்காலம்கூட ஆகலாம். மாத்திரை, நீச்சலுடை, பாஸ்போர்ட் கைப்பையில் இருக்கட்டும். துணி தேய்க்கும் அயர்ன் பாக்ஸ், கெட்டில் எல்லாம் ஸ்கேனரில் மாட்டும், தீ பயம்.

குமட்டல் வரும் உடம்பென்றால் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை எடுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. பால்கனி ஆசையில் உச்சித் தளத்தின் முன்முனையை எடுத்துவிட்டுப் படுத்தே கிடப்பது வீண்செலவு. குமட்டல் மாத்திரையைக் கப்பல் கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். குமட்டல் தொடங்கிய பின் போட்டால் பெரிதாகப் பலனில்லை.

ஏறியதும் அவசரகாலப் பயிற்சி கட்டாயம். ஆபத்தில் எங்கே கூட வேண்டும் என்பது பெரும்பாலும் அறை அட்டையிலேயே அச்சாகியிருக்கும். கரை விலகியதும் போனை ஃபிளைட் மோடில் போடுங்கள். இல்லாவிட்டால் அது கப்பலின் சொந்த நெட்வொர்க்கில் தானாக இணைந்து ரோமிங் பில் எகிறும்.

கடைசி இரவு, ஊழியர்கள் எடுத்துப்போகப் பெட்டியை அறை வாசலில் வைக்குமுன், காலையில் உடுத்தும் துணியையும் செருப்பையும் எடுத்துவிட்டீர்களா என்று பாருங்கள்.