பங்களித்தவர் பெயர் எங்கே தொலைகிறது? திறந்த மூலத் திட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியான கிட்டுக்குப் பயனர்பெயர் என்று ஒன்று தெரியாது. ஒவ்வொரு கமிட்டிலும், அதாவது பதியப்படும் ஒவ்வொரு மாற்றத்திலும், இருப்பது ஒரு பெயரும் ஒரு மின்னஞ்சலும்தான். அந்த மின்னஞ்சலை வைத்தே கமிட் யாருடையது என்று, கிட் திட்டங்களை இணையத்தில் வைக்கும் கிட்ஹப் தளம் கண்டுகொள்கிறது. புதுக் கணினியில் மின்னஞ்சலை அமைக்காமல் வேலையைத் தொடங்கினால், கணினியின் பெயரை வைத்து கிட்டே ஒரு முகவரியை உண்டாக்கிக்கொள்ளும். உழைத்தவர் கணக்கில் அந்தக் கமிட் சேராது. 'யூசர்.யூஸ்கான்ஃபிக்ஒன்லி' அமைப்பை 'ட்ரூ' என்று வைத்துவிட்டால், முகவரி கொடுக்காதவரை கிட் கமிட் செய்ய விடாது.

இதைவிட வருத்தம் தருவது பராமரிப்பாளர் கையாலேயே நடப்பது. ஒருவர் அனுப்பிய பேட்சில் (மாற்றத்தில்) இரண்டு வரி திருத்த வேண்டும். குறிமுறையை நகலெடுத்து, திருத்தி, தன் பெயரில் கமிட் செய்துவிடுகிறார். எழுதியவர் பெயர் வரலாற்றில் எங்குமே இல்லை! கிட்டில் ஆதர் (எழுதியவர்), கமிட்டர் (பதிந்தவர்) என இரண்டு இடங்கள் தனித்தனியே இருக்கின்றன. ஒரு கமிட்டை மட்டும் வேறு கிளையிலிருந்து எடுத்துச் சேர்க்கும் செர்ரி-பிக் செய்தாலும், மின்னஞ்சலில் வந்த பேட்சை 'கிட் ஏஎம்' கட்டளையால் சேர்த்தாலும் ஆதர் பெயர் மாறாது. இருவர் சேர்ந்து எழுதியதென்றால், கமிட் செய்தியின் முடிவில் ஒரு வெற்று வரிக்குப் பின் 'கோ-ஆதர்ட்-பை:' என்று தொடங்கி, மற்றவர் பெயரையும் கோண அடைப்புக்குள் அவர் மின்னஞ்சலையும் எழுதுங்கள். திட்டத்தோடு இணைக்கும் மெர்ஜுக்கு முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும். பிறகு திருத்தப் போனால் அந்தக் கமிட்டின் அடையாளக் குறியான ஹேஷும், அதற்குப் பின் வந்த எல்லாவற்றின் ஹேஷும் மாறிவிடும்.

ஒருவரே மூன்று முகவரிகளில் எழுதியிருந்தால், கமிட்டுகளை ஆள்வாரியாக மின்னஞ்சலோடு பட்டியலிடும் 'கிட் ஷார்ட்லாக் -இ' கட்டளை அவரை மூன்று ஆளாகக் காட்டும். '.மெயில்மேப்' கோப்பில் சரியான பெயர், சரியான மின்னஞ்சல், பழைய மின்னஞ்சல் என்று ஒவ்வொரு பழைய முகவரிக்கும் ஒரு வரி போதும். பழைய பெயரை எழுதத் தேவையில்லை. பெயரை மாற்றிக்கொண்டவர் விஷயத்தில் எழுதவே கூடாது, கோப்பு எல்லோர் கண்ணிலும் படும். கிட்ஹப்பின் பங்களிப்பாளர் வரைபடம் இந்தக் கோப்பைப் பார்ப்பதில்லை. அங்கே சரியாக வேண்டுமானால் அவரே பழைய முகவரியைத் தன் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கிட்ஹப்பில் பயனர்பெயரை மாற்றினால் பழைய பெயரை வேறு யாரும் எடுத்துக்கொள்ளலாம். நன்றிப் பட்டியலிலும், எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு என்று சொல்லும் கோட்ஓனர்ஸ் கோப்பிலும் உடனே மாற்றுங்கள்.

கமிட் எண்ணிக்கையை மட்டும் பார்த்து நன்றி சொல்வதும் தவறு. வழுவைக் கண்டு சொன்னவரும் சோதித்தவரும் அதில் வரமாட்டார்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் இவர்களுக்கென்றே 'ரிப்போர்ட்டட்-பை', 'டெஸ்டட்-பை' வரிகள் உண்டு. பெயரை எந்த எழுத்துக்கூட்டலில் போடுவது, புனைபெயரா இயற்பெயரா என்று பங்களித்தவரிடமே கேளுங்கள். இயற்பெயர்தான் வேண்டும் என்றிருந்த கெர்னல்கூட 2023இல் அந்த விதியைத் தளர்த்தி, அறியப்பட்ட அடையாளம் இருந்தால் போதும் என்றது.