பீவி கிளாசிக் 30: ட்யூப் வாங்குமுன் ஆம்பைத் தரையிலிருந்து தூக்குங்கள்

போன மாதம், கிட்டார் பழகும் தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணா, கிளாசிக் 30க்கு எந்த ட்யூப் போட்டால் சத்தம் தெளிவாக வரும்?" கிளாசிக் 30 என்பது பீவி கம்பெனியின் கிட்டார் ஆம்ப் (ஒலிபெருக்கி). அதில் ஒலியைப் பெருக்குவது ட்யூப் என்னும் கண்ணாடிக் குழாய்கள். அவனுடைய ஆம்ப் தரையில், சுவரை ஒட்டி இருந்தது. உயர்ந்த ஒலிக்கான ட்ரெபிள் குமிழ் ஏறக்குறைய கடைசிவரை திரும்பியிருந்தது. பல வருடங்களுக்கு முன் என் ஆம்பும் இதே இடத்தில், இதே நிலையில்தான் இருந்தது. நானும் இதே கேள்வியைத்தான் கேட்டேன். அன்று எனக்குச் சரியான பதில் கிடைக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கேபிள் சரியாகச் சொருகவில்லை, ஸ்டாண்ட்பை சுவிட்சைப் போடவில்லை என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அதை யாரும் இரண்டு நாளில் கற்றுக்கொள்வார்கள்.

ட்யூப் ஆம்ப் என்றதும் எல்லோரும் ஃபெண்டர், வாக்ஸ், மார்ஷல் என்றுதான் பேசுவார்கள். ஹார்ட்லி பீவி 1965இல் மிசிசிப்பி மாநிலத்தின் மெரிடியன் ஊரில் தொடங்கிய கம்பெனியின் ஆம்ப்களை "உழைக்கும், ஆனால் டோன் சுமார்" என்று ஒதுக்கிவிடுவார்கள். கிளாசிக் 30இல் இருப்பது ஸ்பீக்கரை இயக்கும் பவர் பகுதியில் நான்கு ஈஎல்84 ட்யூப், அதற்கு முந்தைய பகுதியில் மூன்று 12ஏஎக்ஸ்7 ட்யூப், ஒரு 12 அங்குல ஸ்பீக்கர். வாக்ஸ் ஏசி30இலும் பவர் பகுதியில் நான்கு ஈஎல்84தான். சர்க்யூட் வேறு, ஒலியும் வேறு. ஆனால் இது டோன் இல்லாத ஆம்ப் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கேட்க வேண்டிய இடத்திலிருந்து கேட்டால் தெரியும்.

முழங்காலுக்குக் கேட்கவைத்துவிட்டு, காதால் ட்யூன் செய்வது

பணத்தைத் தின்னும் தவறு இதுதான். இன்றைக்கும் யாராவது இதைச் செய்வதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

ஆம்பைத் தரையில் வைத்து, ஒரு மீட்டர் தள்ளி நின்று வாசிக்கிறோம். ஸ்பீக்கர் நம் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருக்கும். காது அதற்கு ஒரு மீட்டருக்கும் மேலே இருக்கிறது. தாழ்ந்த ஒலி எல்லாப் பக்கமும் பரவும், உயர்ந்த ஒலி அப்படிப் பரவாது. ஆயிரம் ஹெர்ட்ஸில் ஒலி அலையின் நீளம் சுமார் 34 செ.மீ. 12 அங்குல ஸ்பீக்கரின் அகலமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். மூவாயிரம் ஹெர்ட்ஸில் அலை 11 செ.மீ. ஆகச் சுருங்கிவிடும். அலை ஸ்பீக்கரைவிடச் சின்னதாக ஆக ஆக, ஒலி டார்ச் வெளிச்சம் மாதிரி நேராக முன்னால் மட்டும் போகும். அந்த வெளிச்சத்துக்கு வெளியே நிற்கும் நமக்கு டோன் மந்தமாகத் தெரிகிறது. உடனே ட்ரெபிளைக் கூட்டுகிறோம்.

அறையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த நண்பன் என்னிடம், "காதைக் குத்துதுடா" என்று மூன்று முறை சொன்னான். நான் நம்பவில்லை. எனக்குத்தான் மந்தமாகக் கேட்டதே! முதலில் நான்கு ஈஎல்84ஐயும் மாற்றினேன். அடுத்து மூன்று 12ஏஎக்ஸ்7. அப்புறம் டோனைச் சரிசெய்யும் ஒரு ஈக்யூ பெடல். ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் நன்றாக இருப்பதாகத் தோன்றும், மூன்றாம் நாள் பழைய மந்தம் திரும்பிவிடும்.

ஒரு நாள் ஒத்திகை அறையில் தரையில் இடம் இல்லாததால் ஆம்பை ஒரு மேசைமேல் வைத்தேன். குமிழ் எதையும் தொடவில்லை. முதல் ஈ கார்டை அடித்ததும் கை நின்றுவிட்டது. மெல்லிய இரண்டு கம்பிகளும் கண்ணாடியைக் கீறுவது மாதிரி ஒலித்தன. பிக் கம்பியில் உரசும் சத்தம்கூடத் தனியாகக் கேட்டது. இத்தனை மாதமாக நண்பன் கேட்டது இதைத்தான். ட்ரெபிள் குமிழை, கடிகார முள் பத்து மணி காட்டும் நிலைக்கு இறக்கினேன். நடு ஒலி மேலே வந்தது. நான் தேடிக்கொண்டிருந்த டோன் அதுதான். எந்த ட்யூபும் மாற்றாமல் வந்தது.

மைக் வைத்தாலும் இதே கதைதான். மைக் ஸ்பீக்கருக்கு நேர் முன்னால் நிற்கிறது. நம் காதுக்கு வராத கீச்சு முழுவதும் அதற்குப் போகும். ஸ்பீக்கரின் நடு மூடிக்கு நேராக வைக்காமல், விளிம்பை நோக்கி இரண்டு விரற்கடை நகர்த்திப் பாருங்கள்.

ஆகவே ஆம்பை நாற்காலியிலோ ஸ்டாண்டிலோ தூக்கி வையுங்கள், அல்லது பின்னால் சாய்த்து வையுங்கள். தரையிலிருந்து எழுந்ததும் பேஸ் கொஞ்சம் குறையும், அது இயல்பு. பின்பக்கம் திறந்த பெட்டி என்பதால் சுவருக்கும் ஆம்புக்கும் உள்ள தூரமும் பேஸை மாற்றும். ஒரு முழம் முன்னால் இழுத்து வாசித்துப் பாருங்கள். இதையெல்லாம் செய்த பிறகும் டோன் பிடிக்கவில்லை என்றால் அப்போது பணத்தை எடுக்கலாம்.

அப்போதும் முதலில் ட்யூப் வேண்டாம். ஸ்பீக்கர் மாற்றினால் வித்தியாசம் பக்கத்து அறையில் இருப்பவருக்கே தெரியும். ஒரு வாட்டுக்கு 97 டெசிபெல் தரும் ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 100 டெசிபெல் ஸ்பீக்கரைப் போட்டால், ஆம்பின் வாட்டை இரண்டு மடங்காக்கியதற்குச் சமம். ட்யூபை மாற்ற வேண்டிய நேரம் எது என்று அதுவே சொல்லும்: பென்சிலால் லேசாகத் தட்டினால் மணி மாதிரி ஒலிப்பது, சத்தம் தளர்ந்துபோவது, உள்ளே இருக்கும் தகடு சிவந்து ஒளிர்வது. தகடு சிவந்தால் அந்த நொடியே அணைத்துவிடுங்கள். கெயின் (ஒலியைப் பெருக்கும் அளவு) அதிகம் என்று தோன்றினால் மட்டும் முதல் 12ஏஎக்ஸ்7 இருக்கும் இடத்தில் 5751 என்ற ட்யூபைப் போட்டுப் பார்க்கலாம். 12ஏஎக்ஸ்7இன் பெருக்கம் 100, 5751க்கு 70. இந்த ஒரு மாற்றத்துக்கு நானே சாட்சி. கரகரப்பான ஒலி தரும் லீட் சேனலின் முரட்டுத்தனம் தணிந்து, விரலின் அழுத்தம் கேட்கத் தொடங்கும்.

எல்லாக் குமிழையும் பாதியில் வைத்தால் நடுநிலை என்று நினைப்பது

இந்த வகை டோன் சர்க்யூட் ஒலியைக் குறைக்க மட்டுமே செய்யும், கூட்டாது. பேஸ், மிடில், ட்ரெபிள் மூன்றையும் பாதியில் வைத்தால் நடு ஒலி பள்ளமாகிவிடும். கிட்டாரின் உயிர் நடு ஒலியில்தான் இருக்கிறது. மிடிலை முழுசாகத் திறந்து, பேஸையும் ட்ரெபிளையும் ஒன்பது மணியில் வைத்துத் தொடங்குங்கள். பிறகு வேண்டியதை மெதுவாகச் சேருங்கள்.

இன்னொன்று: கிளீன், லீட் இரண்டு சேனலுக்கும் இந்த மூன்று குமிழ்கள் பொது. கிளீனை மினுமினுவென்று செட் செய்துவிட்டு லீடுக்குத் தாவினால் கீச்சிடும். லீடை முதலில் சரிசெய்யுங்கள். கிளீன் அதனோடு ஒத்துப்போகும்.

வீட்டில் செட் செய்ததை அப்படியே பேண்டுக்குக் கொண்டுபோவது

மெல்லிய சத்தத்தில் நம் காதுக்குப் பேஸ் குறைவாகவே கேட்கும். 1933இல் ஃபிளெட்சரும் மன்சனும் அளந்து காட்டிய விஷயம் இது. அதனால் வீட்டில் பேஸைக் கூட்டி, மிடிலைக் குறைத்து, "தடிமனாக இருக்கிறது" என்று மகிழ்கிறோம். பேண்டில் போய் வால்யூமை ஏற்றியதும் கிட்டாரே காணாமல் போகிறது. கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ், பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ். கீழே பேஸ் கிட்டார் வாசிப்பவர் இருக்கிறார், அந்த இடத்தை அவருக்கே விடுங்கள். தனியாக வாசிக்கும்போது சற்று மெலிசாகத் தோன்றும் டோன்தான் பேண்டில் நிற்கும்.

"30 வாட் அதிகம், 15 வாங்கலாம்"

இரண்டுக்கும் சத்தத்தில் வித்தியாசம் 3 டெசிபெல் மட்டுமே. இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்க, பத்து மடங்கு வாட் வேண்டும்.

கிட்டாரின் வால்யூமை எப்போதும் பத்திலேயே வைப்பது

ஏழுக்கு இறக்குங்கள். ஆம்பின் குமிழ்களைத் திருப்பும் வேலை பாதி குறையும்.

ஸ்பீக்கர் இணைக்காமல் ஆன் செய்வது

ஒரு நிமிடம்கூட வேண்டாம். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம்.

பிளக்கைப் பிடுங்கியதும் உள்ளே கை விடுவது

கெப்பாசிட்டர்களில் சில நூறு வோல்ட் நின்றிருக்கும். சேசிஸைத் திறக்கும் வேலையைத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

அந்தத் தம்பியின் ஆம்பை அன்றே ஒரு நாற்காலியில் ஏற்றினோம். எதையும் திருப்பாமல் ஒரு கார்டை அடிக்கச் சொன்னேன். அடித்தான், முகத்தைச் சுளித்தான், கேட்காமலேயே கை ட்ரெபிள் குமிழுக்குப் போனது.