நகர்த்தல், சுழற்றல், அளவு மாற்றல்: டிஜிட்டல் சிற்பத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் புதிதாகப் பழகுபவர்களின் கோப்புகளைத் திறக்கும்போதெல்லாம் என் பழைய பிழைகளையே மீண்டும் பார்க்கிறேன். தவறான பொருளைத் தேர்ந்தெடுத்து நகர்த்துவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை உடனே கண்ணில் படும், உடனே திருத்திவிடலாம்.

நீட்டிய அளவை அப்ளை செய்யாமல் செதுக்குவது

பொருளை முழுதாகக் கையாளும் ஆப்ஜெக்ட் நிலையில் ஒரு கோளத்தை இசட் அச்சில் மட்டும் 3 மடங்கு நீட்டினால், திரையில் அது நீண்டு தெரிந்தாலும் மெஷ்ஷின் (உருவத்தின் மேற்பரப்பான வலை) புள்ளிகள் பழைய கோளமாகவே இருக்கின்றன. 3 என்ற பெருக்கு எண் மட்டும் தனியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை மெஷ்ஷிலேயே பதித்து எண்ணை 1 ஆக்குவதுதான் அப்ளை. செதுக்கும் கருவியான பிரஷ் அந்தப் பழைய கோளத்தின் கணக்கிலேயே வேலை செய்வதால், வட்டமாகப் பதிய வேண்டிய தடம் முட்டை வடிவில் இழுபடும். மெஷ்ஷைச் சம அளவுச் சதுரங்களாக மீண்டும் கட்டும் வோக்ஸல் ரீமெஷ்ஷுக்கும் இதே கதிதான்: 0.02 என்று கொடுத்த அளவு, நீட்டிய திசையில் 0.06 ஆகிவிடும்.

ஒரு குதிரைத் தலையின் கழுத்தை நானும் இப்படித்தான் நீட்டினேன். செதுக்குவதற்கான ஸ்கல்ப்ட் நிலைக்குள் நுழைந்ததும் அளவு சீராக இல்லை என்று மென்பொருளே எச்சரித்தது. அதை நான் படிக்கவில்லை. ஐந்து நாள் பிடரி மயிரைச் செதுக்கியும், குறுக்கே கூர்மையாக வந்த கோடுகள் நெடுக்கே மழுங்கியே வந்தன. பிரஷ்ஷைக் குறை சொன்னேன், டேப்லெட்டின் அழுத்த அமைப்பை மாற்றினேன், கடைசியில் பக்கப் பலகையைத் திறந்தபோது ஸ்கேலில் 1, 1, 2.7 என்றிருந்தது. அப்போது அப்ளை செய்ததால் பிரஷ் சரியானதே தவிர, இழுபட்ட சதுரங்கள் சரியாகவில்லை. ரீமெஷ் செய்தால் இருந்த நுண்விவரமும் போய்விடும். பிடரியை முதலிலிருந்து செதுக்கினேன். கன்ட்ரோல் ஏ அழுத்தி ஸ்கேலைத் தேர்ந்தெடுத்திருந்தால் தீர்ந்திருக்கும் என்பதை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான் வருகிறது.

எல்லாவற்றையும் அப்ளை செய்வது

மேற்கண்ட பாடத்தைக் கற்றவர்கள் அடுத்து விழும் குழி இது. ஒரு பக்கம் செதுக்கியதை மறுபக்கத்திலும் பதிக்கும் சிமெட்ரி, பொருளின் சொந்த அச்சுகளைப் பின்பற்றுகிறது. பக்கவாட்டில் 20 டிகிரி சாய்த்த தலையில் ரொட்டேஷனையும் அப்ளை செய்தால் அந்த அச்சுகள் உலக அச்சுகளோடு ஒன்றிவிடும். பிறகு இடக் கண்ணில் செய்த மாற்றம் வலப் பக்கம் கன்னத்திலோ நெற்றியிலோ பதியும். லொகேஷனை அப்ளை செய்தால் பொருளின் ஆதாரப் புள்ளியான ஆரிஜின் உலக மையத்துக்குப் போய்விடும். இரு பக்கமும் ஒத்த வேலை முடியும்வரை ஸ்கேலை மட்டும் அப்ளை செய்வதே என் வழக்கம்.

எடிட் நிலையில் முழு மெஷ்ஷையும் நகர்த்துவது

மெஷ்ஷின் புள்ளிகளைத் திருத்தும் இந்த நிலையில் நகர்த்தினால் ஆரிஜின் கூடவே வராது. சிமெட்ரியின் மையம் விலகும்.

ஸீபிரஷ்ஷில் மாஸ்க்கை மறப்பது

ஸீபிரஷ் இன்னொரு சிற்ப மென்பொருள். அதில் நகர்த்தும் கருவியான கிஸ்மோ, மாஸ்க் (மாற்றம் படாதபடி மூடிய பகுதி) இல்லாத பகுதியை மட்டுமே நகர்த்தும். காதுக்குப் பின்னால் மறைந்திருந்த சிறு மாஸ்க்கால், தலை நகர்ந்து காது பழைய இடத்திலேயே இழுபட்டு நின்ற உருவங்களை நிறையப் பார்த்துவிட்டேன்.