கார்பன் ஃபைபர் தகடுகளை ஒட்டுமுன் பிளாஸ்மா கொடுப்பது எப்படி?

ட்ரோன் சட்டங்களுக்குக் கார்பன் ஃபைபர் பாகங்களை எபாக்ஸி பசையால் ஒட்டுவது என் வேலை. புதிதாகச் சேர்கிறவர்கள் பிளாஸ்மாவை, அதாவது மின்னேற்றம் பெற்ற வாயுவை, பரப்பின்மேல் பீய்ச்சும் நாசிலைப் பிடிக்கத்தான் துடிப்பார்கள். நான் அவர்கள் கையில் முதலில் கொடுப்பது பஞ்சு உதிராத துணியும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் பாட்டிலும்.

அச்சிலிருந்து எடுத்த தகட்டில், அச்சோடு ஒட்டாதிருக்கப் பூசும் ரிலீஸ் ஏஜென்ட் படிந்திருக்கும். அதில் சிலிக்கோன் இருந்தால் பிளாஸ்மா அதை எரித்து விரட்டிவிடாது. ஆக்சிஜனேற்றி, சிலிக்கா மாதிரியான படலமாக்கி அங்கேயே விட்டுவிடும். பசை அதன்மேல் அழகாகப் பரவும். பிறகு இழுத்துப் பார்த்தால் படலத்தோடு சேர்ந்து பெயர்ந்து வரும். கரி படிந்த சுவரைச் சுரண்டாமல் வெள்ளையடித்த கதைதான்.

அதனால் முதலில் துடையுங்கள். ஒரு துணியில் ஆல்கஹால் நனைத்து ஒரே திசையில் இழுத்து, அது காய்வதற்குள் வேறொரு உலர்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும். காயவிட்டால் கரைந்த அழுக்கு அங்கேயே மறுபடி படியும். உப்புத்தாள் போடுவதானால் துடைத்த பிறகு போட்டு, மறுபடி துடையுங்கள். தூசிக்கு முகக்கவசமும் உறிஞ்சியும் கட்டாயம். தகடு செய்யும்போது மேலே பதித்து, ஒட்டுமுன் உரித்தெடுக்கும் துணியான பீல் பிளை உரித்த பரப்பு சுத்தமானது என்று நம்பிவிடாதீர்கள், துணியின் மிச்சம் தகட்டின் இழைகளைப் பிணைக்கும் பிசினில் தங்கியிருக்கலாம். கைக்குப் பவுடர் இல்லாத நைட்ரைல் கையுறை. கை கிரீமை பட்டறைக்குள் நான் விடுவதே இல்லை.

இனி பிளாஸ்மா. சாதாரண வளிமண்டல அழுத்தத்திலேயே இயங்கும் ஜெட் வகை எங்களுடையது. கம்ப்ரசர் காற்றில் எண்ணெயோ ஈரமோ இருக்கக் கூடாது. நாசிலுக்கும் தகட்டுக்கும் 10 மி.மீ. இடைவெளி, நொடிக்கு 100 மி.மீ. வேகம் என்று தொடங்குவேன். உங்கள் இயந்திரத்துக்கு இது மாறும். ஒவ்வொரு தடமும் முந்தைய தடத்தின் ஓரத்தைத் தொட்டுப் போகட்டும். நாசிலை ஒரே இடத்தில் நிறுத்தினால் பிசின் வெந்துவிடும். வெப்பநிலை காட்டும் ஸ்டிக்கர் ஒட்டிக் கண்காணியுங்கள்.

மேற்பரப்பில் சில நானோமீட்டர் ஆழத்துக்குத்தான் வேலை நடக்கிறது. ஹைட்ராக்சில், கார்பாக்சில் போன்ற ஆக்சிஜன் தொகுதிகள் அங்கே வந்து சேரும். எபாக்ஸி பிடித்துக்கொள்வது அவற்றைத்தான். பீக், பி.பி.எஸ். போன்ற தெர்மோபிளாஸ்டிக் (சூட்டில் இளகும் பிளாஸ்டிக்) தகடுகளில் பசை லேசில் பிடிக்காது. இயந்திரத்தின் விலை அங்கேதான் நியாயமாகிறது. எபாக்ஸி பிசினால் ஆன தகட்டுக்கு ஒழுங்காக உப்புத்தாள் போட்டாலே நல்ல ஒட்டு கிடைக்கும். ஆள் மாறினாலும் தரம் மாறாதிருக்க பிளாஸ்மா உதவும், அவ்வளவுதான்.

சோதனைக்கு டைன் பேனா வாங்கியிருப்பீர்கள். ஒவ்வொரு பேனா மைக்கும் டைன்/செ.மீ. அளவில் ஓர் எண் உண்டு, பெரிய எண்ணுள்ள மை சொட்டாகத் திரளாமல் பரவினால் பரப்பில் பசையும் நன்றாகப் பரவும். சுத்தம் செய்த எபாக்ஸி தகடு பெரும்பாலும் 40-ஐ ஒட்டி நிற்கும், பிளாஸ்மா பட்டதும் 72 மை கூடப் பரவும். மையே பரப்பைக் கெடுக்கும், ஆகவே மாதிரித் துண்டில் மட்டும் போடுங்கள். அந்த 72-ஐப் பார்த்து மகிழ்ந்துவிடவும் வேண்டாம். அளவுக்கு மீறிச் சுட்டால் மூலக்கூறுச் சங்கிலிகள் துண்டுதுண்டாகி, தண்ணீரில் கரையும் பலவீனமான அடுக்கு உண்டாகும். அதன்மேலும் 72 மை பரவத்தான் செய்யும். தண்ணீர் நனைத்த துணியால் துடைத்து, உலர்த்தி, மீண்டும் மை போடுங்கள். அளவு சரிந்தால் வேகத்தைக் கூட்டுங்கள்.

தீர்ப்பு சொல்வது உடைந்த முகம். மூன்று நான்கு வேகங்களில் துண்டுகள் தயாரித்து, 25.4 மி.மீ. நீளத்துக்கு ஒன்றன்மேல் ஒன்று படியும்படி ஒட்டி, இழை வலுவூட்டிய பிளாஸ்டிக் ஒட்டுகளுக்கான ஏ.எஸ்.டி.எம். டி5868 என்ற தரச் சோதனை முறைப்படி இழுத்துப் பாருங்கள். பசையின் தடிமன் எல்லாத் துண்டிலும் ஒன்றாக இருக்க, பசையில் கண்ணாடி மணிகள் கலந்துகொள்ளுங்கள். ஒரு முகம் துடைத்துவிட்டதுபோல் பளபளத்தால் ஒட்டு தோற்றது. இரு முகத்திலும் பசை இருந்தாலோ, தகட்டின் இழை கிழிந்து வந்தாலோ அந்த வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கிலோ கணக்கு மட்டும் எழுதி, முகத்தைப் பார்க்காத அறிக்கையை நான் ஏற்பதில்லை.

பிளாஸ்மா கொடுத்த பரப்பு நேரமாக ஆக மங்கும், தூசியும் பிடிக்கும். ஒரு மணி நேரத்துக்குள் பசை வைத்துவிட வேண்டும் என்பது எங்கள் பட்டறை விதி. இடையில் சாப்பாட்டு மணி அடித்துவிட்டால், திரும்பி வந்து மறுபடி ஒரு முறை ஓட்டுவோம்.

ஓசோனும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெளிவரும், எக்ஸாஸ்ட் இல்லாமல் சுவிட்சைத் தொடாதீர்கள். கார்பன் இழை மின்சாரம் கடத்தும். வெட்டிய ஓரத்தில் இழை நீட்டிக்கொண்டிருந்தால், முக்கியமாக உயர் மின்னழுத்தத்தால் காற்றில் மின்னிறக்கம் உண்டாக்கும் கொரோனா வகை இயந்திரத்தில், அங்கே பொறி தாவும். ஓரத்தை முதலில் மழித்துவிடுங்கள்.